வலைக்கு அப்பால் நிற்பவர் யார்?



அரியலூர் வட்டாரப் பங்கு ஒன்றிலிருந்து தாய் ஒருவர் நமக்கு மடல் வரைந்துள்ளார். பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாமென்பது அவரது வேண்டுகோள், அதை மதிக்கிறோம். மடலின் சாரம் வருமாறு:

துபாயில் வேலை செய்யும் கொழுந்தனார் விடுமுறைக்கு வந்தபோது, தாம் அங்கே வைத்து ஆடிய பழைய விளையாட்டுக் கருவி ஒன்றை அண்ணன் மகனிடம் கொடுத்துச் சென்றார். இரு கைகளுக்குள் அடங்கும் சிறு கருவி. அதனுள் டென்னிஸ் ஆட்டம் ஒன்று இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் மகன் பள்ளி விட்டு வந்ததும் அதைக் கையிலெடுத்தால் இரவுச் சாப்பாடு வரை கீழே வைப்பதில்லை. குடும்ப செபத்திற்கு அழைத்தால், "இந்த ஒரு கேம் மட்டும் அம்மா" என்கிறான். அந்த ஒரு கேம் முடிவதேயில்லை. மாமியார் அதைச் 'சாத்தானின் பெட்டி' என்று சபிக்கிறார். கணவரோ, "வெளியே போய்க் கெட்ட சகவாசம் பிடிக்காமல் வீட்டுக்குள்ளேதானே இருக்கிறான், விடு" என்கிறார். "சுவாமி, இது பாவமா, இல்லையா? நான் யார் பேச்சைக் கேட்பது?" என்று அத்தாய் மடலை முடித்துள்ளார்.

இக்கேள்வி ஒரு வீட்டுக்கு மட்டும் உரியதன்று. பெரம்பலூர்ப் பக்கத்துச் சின்ன வெங்காயக் காட்டு வீடுகளிலும், அரியலூர்ச் சிமெண்ட் ஆலைக் குடியிருப்புகளிலும், முந்திரித் தோப்புகள் சூழ்ந்த சிற்றூர்களிலும் இன்று இதே வழக்குதான் நடைபெறுகிறது. சில வீடுகளில் அது தனிக் கருவி. பல வீடுகளில் கைப்பேசி. ஆகவே அத்தாய்க்கு ஒற்றைச் சொல்லில் மறுமொழி அனுப்பாமல், இம்மாதப் பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்குகிறோம்.

கருவியை முதலில் அறிவோம்

தெரியாத பொருளைச் சபிப்பதும் முறையன்று; தெரியாத பொருளை வீட்டில் உலவ விடுவதும் முறையன்று. ஆகவே அது என்னவென்று முதலில் பார்ப்போம்.

அத்தாய் விவரிக்கும் கருவி, ஜப்பானின் சோனி நிறுவனம் 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் வெளியிட்ட பிளேஸ்டேஷன் போர்ட்டபிள் என்பதாகும். பி.எஸ்.பி. என்று பிள்ளைகள் சுருக்கிச் சொல்வார்கள். 2014-ஆம் ஆண்டோடு அதன் காலம் முடிந்து, புதிய கருவிகள் பல வந்துவிட்டன; எனினும் பழையவை கை மாறிக் கை மாறி இன்னும் உழைத்து வருகின்றன. திரையின் அளவு மூலைக்கு மூலை 4.3 அங்குலம். அதில் ஆடத்தக்க டென்னிஸ் ஆட்டங்களுள் பெயர்பெற்றது சேகா நிறுவனத்தின் 'விர்ச்சுவா டென்னிஸ்' வரிசை. அவ்வரிசையில் 'வேர்ல்ட் டூர்' 2005-லும், மூன்றாம் பாகம் 2007-லும் இக்கருவிக்கு வந்தன. ரோஜர் பெடரர், ரஃபேல் நடால், மரியா ஷரபோவா போன்ற உண்மையான ஆட்டக்காரர்களின் உருவங்களே மூன்றாம் பாகத்தில் ஓடியாடுகின்றன.

ஆடும் முறை இது: இடக்கைக் கட்டைவிரல் ஆட்டக்காரனை ஓட்டுகிறது, வலக்கைக் கட்டைவிரல் பந்தை அடிக்கிறது. ஒரு பொத்தான் பந்தை மேல்நோக்கிச் சுழற்றி அடிக்கும். இன்னொன்று பந்தின் அடிப்புறத்தைச் சீவி அனுப்பும். மற்றொன்று எதிராளியின் தலைக்கு மேலாக உயர்த்தித் தூக்கிவிடும். பந்து வந்து சேரும் இடத்தை முன்கூட்டியே கணித்து அங்கே போய் நின்று, உரிய கணத்தில் பொத்தானை அழுத்தினால் அடி வலுவாக விழும். தாமதித்தால் ஆட்டக்காரன் பாய்ந்து விழுந்து, பந்தை ஏனோதானோவென்று திருப்புவான். தரைக்குத் தரை ஆட்டமும் மாறும். புல்தரையில் பந்து தாழ்ந்து விரைகிறது. களிமண் தரையிலோ வேகம் தணிந்து உயர எழுகிறது. 15, 30, 40 என்று ஏறும் புள்ளிக் கணக்கும், 40-க்கு 40 ஆனால் தொடர்ந்து இரு புள்ளிகள் எடுத்தே வெல்ல வேண்டுமென்ற விதியும் மெய்யான களத்தில் உள்ளபடியே இருக்கின்றன.

இவற்றையெல்லாம் ஏன் எழுதுகிறோம்? செந்துறையிலோ வேப்பந்தட்டையிலோ பிறந்த சிறுவன் ஒருவன், டென்னிஸ் களத்தை வாழ்நாளில் ஒருமுறைகூட மிதித்திராவிட்டாலும், அந்த ஆட்டத்தின் இலக்கணத்தை இக்கருவியின் வழியாகக் கற்றுக்கொள்கிறான். வெட்டும் குத்தும் குருதியும் நிறைந்த ஆட்டங்கள் மலிந்த சந்தையில், இது விதிகளுக்குக் கட்டுப்பட்ட கண்ணியமான ஆட்டம். இதில் பணயமும் இல்லை. பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்கள் வேறு. அவை எத்தனையோ குடும்பங்களைக் கடனில் ஆழ்த்தியதால்தான் 2025-ஆம் ஆண்டு ஆகஸ்டில் நம் நாடாளுமன்றம் அவற்றைத் தடுக்கச் சட்டம் இயற்றியது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்தல் ஆகாது. ஆதலால் பாட்டியாரின் சாபத்தை நாம் வழிமொழிவதற்கில்லை.

இருவருக்காகப் பிறந்த ஆட்டம்

இத்தகைய திரை ஆட்டங்களின் வரலாற்றில் தொடக்க காலத்திலேயே டென்னிஸ் இடம்பெற்றது என்பது பலருக்கு வியப்பளிக்கும். 1958-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம், அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் பொதுமக்கள் வந்து பார்க்கும் நாள் ஏற்பாடாயிற்று. அங்கே பணிபுரிந்த வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலார், வெறும் படங்களையும் அட்டைகளையும் பார்த்து மக்கள் சலித்துப்போவதை எண்ணி, புதிதாக ஒன்று செய்தார். மின்னலைகளைக் காட்டும் சிறு வட்டத் திரையில், பக்கவாட்டில் பார்ப்பது போன்ற டென்னிஸ் களத்தை வரைந்து, நடுவே ஒரு கோட்டை வலையாக நிறுத்தி, ஒளிப்புள்ளியொன்றைப் பந்தாக ஓடவிட்டார். ஆளுக்கொரு சிறு பெட்டி. அதில் ஒரு திருகும் ஒரு பொத்தானும். ஆடுவதற்கு மக்கள் வரிசையில் காத்து நின்றார்கள்.

ஹிகின்பாதம், இரண்டாம் உலகப் போரின்போது அணுகுண்டு ஆக்கப் பணியில் ஈடுபட்டிருந்தவர். பின்னர், அணு ஆயுதங்கள் பரவுவதைத் தடுக்கக் குரல்கொடுத்த அறிவியலாளர் அமைப்பை உருவாக்கியோருள் ஒருவரானார். அழிவுக்கருவிக்கு உழைத்த கை, மக்கள் சிரித்து மகிழ ஒரு பொம்மைக் களத்தையும் செய்து தந்தது. அந்த ஆட்டத்திற்கு அவர்கள் இட்ட பெயர் யாது தெரியுமா? 'இருவருக்கான டென்னிஸ்'.

அப்பெயரை நினைவில் கொள்ளுங்கள். அது ஒருவன் தனித்து ஆடுவதற்கு அமைந்ததன்று. அருகருகே இருவர் நின்று, ஒருவர் அனுப்பும் பந்தை மற்றவர் திருப்பினால்தான் ஆட்டம். 1972-இல் கடைவீதிகளுக்கு வந்து புகழ்பெற்ற 'பாங்' என்னும் ஆட்டமும் இருவர் எதிரெதிரே ஆடுவதாகவே தொடங்கிற்று. பின்னாளில் எதிராளியின் இடத்திலும் இயந்திரமே வந்து அமர்ந்தது. அப்படியும், நாம் மேலே சொன்ன கைக்கருவியில் கம்பியில்லாத் தொடர்பின் மூலம் நண்பர்கள் சேர்ந்து ஆடும் வசதி வைக்கப்பட்டிருக்கிறது. ஆக, இயந்திரத்தைச் செய்தவர்கள்கூட மனிதத் துணையை முற்றும் மறந்துவிடவில்லை. வீட்டிலுள்ள நாம்தான் மறக்கிறோம்.

விளையாட்டு பாவமாகுமா?

திருச்சபையின் பெரியோர் விளையாட்டை வெறுத்தவர்கள் என்று எண்ணுவோர் நம்மிடையே உண்டு. மறைவல்லுநர் புனித அக்குவினா தோமாஸ் இதுபற்றி ஆராய்ந்து எழுதியுள்ளார். உடல் களைத்தால் உறக்கம் தேவைப்படுவது போல, உள்ளம் களைத்தால் விளையாட்டும் நகைச்சுவையும் தேவை என்பது அவர் முடிவு. அளவு கடந்து விளையாடுவது குற்றம் என்று சொன்ன அவரே, சற்றும் விளையாடாமல், பிறர் மகிழ்ச்சிக்கும் தடையாய் முகஞ்சுளித்து இருப்பதும் குற்றமே என்கிறார்.

இதற்குச் சான்றாக, முற்காலத் துறவியர் மரபிலிருந்து புனித அருளப்பரைப் பற்றிய கதையொன்றை அவர் எடுத்தாளுகிறார். அருளப்பர் தம் சீடரோடு விளையாடிக்கொண்டிருப்பதைக் கண்ட சிலர் இடறலுற்றனர். அவர்களுள் ஒருவன் கையில் வில் இருந்தது. அம்பு ஒன்றை எய்யுமாறு அருளப்பர் அவனிடம் சொன்னார், எய்தான். மீண்டும் மீண்டும் எய்யச் சொன்னார், எய்தான். "இப்படியே ஓயாமல் எய்துகொண்டேயிருக்க முடியுமா?" என்று கேட்டார். "வில் முறிந்துபோகும்" என்றான் அவன். மனித உள்ளமும் அவ்வாறே, ஓய்வின்றி வளைத்து வைத்தால் முறியும் என்று திருத்தூதர் விளக்கினாராம்.

நம் வட்டாரத்திலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. ஏலாக்குறிச்சியைத் திருக்காவலூர் ஆக்கிய வீரமாமுனிவரை நாமெல்லாரும் அறிவோம். புனித சூசையப்பரின் வரலாற்றைத் தேம்பாவணியாகப் பாடிய அதே கரம்தான் பரமார்த்த குருவின் கதையையும் எழுதித் தமிழரைச் சிரிக்க வைத்தது. வரதராஜன்பேட்டையில் ஒரு பள்ளி தாங்கி நிற்கும் பெயருக்குரிய புனித தொன் போஸ்கோவும், சிறுவரைக் கோயிலுக்குள் சேர்க்குமுன் முற்றத்தில் விளையாட விட்டவர். ஆகவே, விளையாட்டு பாவமா என்ற கேள்விக்கு 'அன்று' என்று விடை கூறத் தயங்க மாட்டோம்.

ஆனால் அளவு? அதற்கும் அண்மைக் காலத்துப் புனிதர் ஒருவரே வழிகாட்டுகிறார். 1991-இல் பிறந்து, 2006-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள் இரத்தப் புற்றுநோயால் 15-ஆம் வயதில் இறைவனடி சேர்ந்த கார்லோ அக்குத்திஸ், கணிப்பொறியில் வல்ல இத்தாலியச் சிறுவர். நற்கருணைப் புதுமைகளைத் தொகுத்து இணையத்தில் வெளியிட்டவர். அவரிடமும் பிளேஸ்டேஷன் விளையாட்டுக் கருவி இருந்தது. அதை அவர் உடைத்தெறியவில்லை. வாரத்திற்கு ஒரு மணி நேரம் மட்டுமே ஆடுவதென்று தமக்குத் தாமே வரம்பு கட்டிக்கொண்டார். அவரைத் திருத்தந்தை 14-ஆம் லியோ 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 7-ஆம் நாள் புனிதராக அறிவித்தார். விளையாட்டுக் கருவியைக் கையில் பிடித்தவர் பீடத்தில் ஏற இயலுமென்று இன்று நம் பிள்ளைகளுக்குத் துணிந்து சொல்லலாம். எத்தனை மணி நேரம் பிடித்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஓய்வறிந்த திரைவீரன்

விர்ச்சுவா டென்னிஸ் மூன்றாம் பாகத்தில் உலகச் சுற்றுப் பயணம் என்றொரு பகுதி உண்டு. ஆடுபவர் புதிய ஆட்டக்காரன் ஒருவனை உருவாக்கி, பயிற்சி கொடுத்து, போட்டிக்குப் போட்டி அழைத்துச் சென்று, தரவரிசையில் படிப்படியாக உயர்த்த வேண்டும். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. அத்திரைவீரனுக்கும் களைப்பு உண்டு. ஓய்வு கொடுக்காமல் பயிற்சியும் போட்டியுமாக அவனை ஓட்டினால் காயமுற்றுச் சில காலம் ஆடமுடியாமல் கிடப்பான். ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள் அவனை அவ்வப்போது வீட்டிற்கு அனுப்பி ஓய்வெடுக்க வைக்கிறார்கள்.

சற்று எண்ணிப் பாருங்கள். உயிரற்ற நிழல் வீரனுக்கு ஓய்வு வேண்டுமென்று கணக்குப் பார்க்கும் பிள்ளை, இரவு பதினொரு மணிக்குத் தன் கண் எரிவதைக் கணக்கில் எடுப்பதில்லை. திரைவீரன் களம் முழுவதும் ஓடுகிறான். ஓட்டுபவனோ மூன்று மணி நேரமாகக் கயிற்றுக் கட்டிலை விட்டு அசையவில்லை. வேர்வை அங்கே ஓவியமாய்ச் சிந்துகிறது; இங்கே கட்டைவிரல் மட்டும் வலிக்கிறது.

5 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்கு உழைக்க ஓடியாட வேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. கட்டைவிரல் ஓட்டம் இக்கணக்கில் சேராது. வெளிச்சத்தில், வெட்டவெளியில் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்பு குறைகிறதென்று கண் மருத்துவர்களும் சொல்கிறார்கள். "வீட்டுக்குள்ளேதானே இருக்கிறான்" என்று நிம்மதி கொள்ளும் தந்தையார் இதைக் கவனிப்பாராக. வீட்டுக்குள் இருப்பது மட்டுமே நலமாகிவிடாது.

தோல்வியை அழிக்கும் பொத்தான்

உடல் நலத்தைவிட ஆழமான காரியம் ஒன்றுண்டு. இம்மடலைப் படித்ததுமுதல் நம் உள்ளத்தை உறுத்துவது அதுவே.

கருவியில் தோற்றால் என்ன செய்யலாம்? நிறுத்திவிட்டு மறுபடியும் தொடங்கலாம். போட்டிக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்பிவிடலாம். அத்தோல்வியை எவரும் பார்க்கவில்லை, எங்கும் பதியவில்லை, நடந்ததென்பதே இல்லாமல் போய்விடும். எதிராளி இயந்திரமாதலால் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியதுமில்லை. மெய்யான களத்தில் இது நடவாது.

நம் நாட்டு டென்னிஸ் வரலாற்றில் கத்தோலிக்கக் குடும்பம் ஒன்று ஒளிவீசியது. சென்னையைச் சேர்ந்த இராபர்ட் அமிர்தராஜ், மேகி அமிர்தராஜ் தம்பதியரின் மக்களான ஆனந்த், விஜய், அசோக் ஆகிய மூவருமே டென்னிஸ் ஆட்டக்காரர்கள். இவர்களுள் விஜய், சிறுவயதில் நுரையீரல் நலிவால் அடிக்கடி நோயுற்று வாடிய பிள்ளை. அந்தப் பிள்ளை வளர்ந்து, 1973-இல் விம்பிள்டன் காலிறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவின் யான் கோடெஸை எதிர்த்து ஆடினார். ஐந்து செட் வரை நீண்ட அந்த ஆட்டத்தின் கடைசி செட்டை 5-க்கு 7 என்று இழந்து தோற்றார். கோடெஸ் அவ்வாண்டு வாகை சூடினார். 1981-இல் மீண்டும் காலிறுதி. அமெரிக்காவின் ஜிம்மி கானர்சுக்கு எதிராக முதல் இரு செட்களையும் வென்றிருந்த விஜய், அடுத்த மூன்றையும் இழந்தார்.

இவ்விரு தோல்விகளையும் அழிக்கப் பொத்தான் ஏதுமில்லை. உலகம் பார்த்துக்கொண்டிருக்க, வலையருகே நடந்து சென்று, வென்றவரின் கையைப் பற்றிக் குலுக்க வேண்டியிருந்தது. ஆயினும் விஜய் அமிர்தராஜ் சிறுத்துப் போகவில்லை. ஆட்டக்காரராகவும், வர்ணனையாளராகவும், இளைஞர்களுக்குச் சென்னையில் பயிற்சிக்கூடம் அமைத்துத் தந்தவராகவும் அவர் ஆற்றிய தொண்டைப் போற்றி, 2024-ஆம் ஆண்டு ஜூலையில் பன்னாட்டு டென்னிஸ் புகழ்மன்றம் அவரைச் சேர்த்துக்கொண்டது. அதே பயிற்சிக்கூடத்தில் பயின்று, 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலப் பதக்கம் வென்ற லியாண்டர் பயசும் அதே நாளில் சேர்க்கப்பட்டார்.

இன்னொரு நிகழ்ச்சியையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1974-இல் ஆனந்தும் விஜயும் இடம்பெற்ற இந்திய அணி டேவிஸ் கோப்பையின் இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. எதிரே தென்னாப்பிரிக்கா. கறுப்பின மக்களைச் சட்டத்தாலேயே ஒடுக்கிவந்த நாடு அது. அந்த நிறவெறியை ஏற்க மாட்டோம் என்பதைக் காட்ட, இந்தியா இறுதிப் போட்டியில் ஆட மறுத்தது. கோப்பை தென்னாப்பிரிக்காவுக்குப் போயிற்று. இந்தியா இன்றுவரை அக்கோப்பையை வென்றதில்லை. கைக்கெட்டிய கோப்பையை நீதியின் பொருட்டு விட்டுக்கொடுத்த அந்தச் செயலுக்கு எந்தக் கருவியில் பொத்தான் இருக்கிறது?

வலைக்கு அப்பால் ஒரு மனிதன் நிற்கிறான் என்ற உணர்விலிருந்தே இவையெல்லாம் பிறக்கின்றன. தோற்றவனுக்கு ஆறுதல் சொல்வது, வென்றவனைப் பாராட்டுவது, கோட்டுக்கு வெளியே விழுந்த பந்தை நடுவர் பாராவிட்டாலும் 'வெளியே' என்று தானே ஒப்புக்கொள்வது ஆகிய நற்பண்புகள் அனைத்தும் மற்றொரு முகத்தின் முன்னால்தான் வளர்கின்றன. இயந்திரம் ஏமாறுவதுமில்லை, அழுவதுமில்லை. ஆகவே அதனோடு மட்டுமே ஆடும் பிள்ளைக்கு நேர்மையும் இரக்கமும் பழக இடமில்லை. பின்னாளில் தேர்விலோ தொழிலிலோ குடும்பத்திலோ தோல்வி வந்து நிற்கும்போது, மறுபடி தொடங்கும் பொத்தானை அப்பிள்ளை எங்கே தேடும்? இதுவே நம் கவலை.

நம் திருத்தந்தை 14-ஆம் லியோ, நம் பெரியோர் வழக்கில் சொன்னால் சிங்கராயர், தாமே டென்னிஸ் ஆடுபவர். அவர் பொறுப்பேற்ற சில நாட்களிலேயே, 2025 மே 14 அன்று, இத்தாலிய டென்னிஸ் வீரர் யானிக் சின்னர் வத்திக்கானுக்கு வந்து மட்டையொன்றைப் பரிசளித்தார். அவ்வாண்டு ஜூன் 15-ஆம் நாள், விளையாட்டு வீரர்களின் யூபிலித் திருப்பலியில் திருத்தந்தை ஆற்றிய மறையுரையில் மூன்று கருத்துகளை வலியுறுத்தினார். தனிமை மிகுந்த சமுதாயத்தில் விளையாட்டு ஒன்றுசேர்ந்து உழைக்கக் கற்பிக்கிறது. தொலைவிலிருப்போரை அருகாக்கி, அருகிலிருப்போரைத் தொலைவாக்கும் மின்னணு உலகில், உடலும் இடமும் உழைப்பும் உள்ள மெய்யான கூடலை அது மீட்டுத் தருகிறது. வென்றவனுக்கே வாழ்வு என்று எண்ணும் போட்டி உலகில், அது தோற்கவும் கற்றுத் தருகிறது. அத்தாயின் மடலுக்கு இதைவிடத் தெளிவான மறுமொழி நம்மிடம் இல்லை.

இனிச் செய்ய வேண்டியது

கருவியைப் பிடுங்கிப் பரணில் போடுமாறு நாம் சொல்லவில்லை. பிடுங்கிய பொருள் மீது ஆசை இரட்டிப்பாகும். அடுத்த வீட்டுக் கைப்பேசியில் மறைவாக ஆடுவான். கீழ்க்காணும் வழிகளை முயன்று பாருங்கள்.

முதலாவது, நேரத்தை வரையறுங்கள்; அதையும் பிள்ளையோடு அமர்ந்து பேசி வரையறுங்கள். புனித கார்லோவின் கதையைச் சொல்லி, "உனக்கு எத்தனை மணி நேரம் போதும்?" என்று அவனையே கேளுங்கள். பிறர் கட்டிய வேலியைத் தாண்டத் தோன்றும். தானே கட்டியதைக் காக்கத் தோன்றும். போட்டிக்கு ஓடுபவன் எல்லாவற்றிலும் தன்னை அடக்கிக்கொள்வதைப் புனித சின்னப்பர் கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 9-ஆம் அதிகாரத்தில் எடுத்துக்காட்டுகிறார். ஆட்டம் பிடித்த பிள்ளைக்கு அப்பகுதி எளிதில் விளங்கும்.

இரண்டாவது, குடும்ப செபத்திற்கும் உணவுக்கும் உறக்கத்திற்கும் கருவி குறுக்கே வரலாகாது. அழைக்குமுன் பத்து நிமிட முன்னறிவிப்புக் கொடுங்கள். நடுவில் நிறுத்தினால் ஆடியது வீணாகிறதே என்ற அவனது மனத்தாங்கலிலும் நியாயம் உண்டு. இவ்விதி அவனுக்கு மட்டுமானால் நிலைக்காது. செப நேரத்தில் தந்தையின் கைப்பேசியும் அலமாரியில் இருக்கட்டும்.

மூன்றாவது, வாரம் ஒருமுறை நீங்களும் அதில் ஆடுங்கள். தந்தை தோற்க, மகன் கற்றுக்கொடுக்கட்டும். சரியாக ஆடத் தெரியாத அப்பாவுக்குப் பொறுமையோடு சொல்லித் தரும் பிள்ளை அன்று நல்லதொரு பாடம் படிக்கிறான், அப்பாவும் படிக்கிறார்.

நான்காவது, திரையிலிருந்து தரைக்கு இறக்குங்கள். நம் பக்கத்தில் டென்னிஸ் களம் அரிது. மட்டை விலையும் மிகுதி. ஆனால் டென்னிசின் நெருங்கிய உறவான பூப்பந்து நம் மண்ணிலேயே பிறந்தது. தஞ்சை அரச குடும்பத்தார் 1856-ஆம் ஆண்டளவிலேயே அதை ஆடியதாகச் சொல்வர். மஞ்சள் நிறக் கம்பளிப் பந்து, நடுவே வலை, பக்கத்திற்கு ஐவர். களத்தின் நீளம் 24 மீட்டர், அகலம் 12 மீட்டர். இரட்டையர் டென்னிஸ் களம் 23.77 மீட்டர் நீளமும் 10.97 மீட்டர் அகலமும் கொண்டது. ஆகப் பெரிய வேறுபாடில்லை. கோயில் முற்றம் விசாலமாயுள்ள பங்குகளில், சுண்ணாம்புக் கோடு கிழித்து இரு கம்பம் நட்டால் களம் அமைந்துவிடும். கருவியில் பந்தின் போக்கைக் கணிக்கப் பழகிய கண்ணுக்குக் களத்தில் அது பயன்படும். பங்குத்தந்தையரும் இளைஞர் மன்றத்தாரும் இதைத் திட்டமாக எடுத்துச் செய்ய வேண்டுகிறோம். பெண்பிள்ளைகளுக்கும் நேரம் ஒதுக்க மறவாதீர்கள்.

ஐந்தாவது, எச்சரிக்கை ஒன்று. தன்னால் நிறுத்தவே முடியாத நிலை, மற்றெல்லாவற்றையும்விட ஆட்டமே பெரிதாகிவிட்ட நிலை, படிப்பும் உறவும் கெட்ட பின்னும் விடாமல் தொடரும் நிலை ஆகிய இம்மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ ஓராண்டு நீடித்தால், அதை நோயென்றே உலக சுகாதார நிறுவனம் வகைப்படுத்தியுள்ளது. அந்த நோய்ப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ளது. அத்தகைய பிள்ளைக்குத் திட்டும் அடியும் மருந்தாகா. தயங்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பொழுதுபோக்காக ஆடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்நிலைக்கு வருவதில்லை. ஆதலால் வீண் அச்சமும் வேண்டா.

மேலும் ஒன்று. பல வீடுகளில் தந்தை அயல்நாட்டிலும், தாய் வயலிலோ வேலையிலோ இருக்க, மாலை வேளையில் பிள்ளை தனித்திருக்கிறான். அவனோடு பேச ஆளில்லாத வெற்றிடத்தில்தான் கருவி வந்து அமர்கிறது. அவ்விடத்தை நிரப்பாமல் கருவியை மட்டும் அகற்றினால், வேறொன்று வந்து அமரும். பாட்டியார் அப்பெட்டியைச் சபிப்பதை விடுத்து, பேரனை அருகில் இருத்தி, "இது என்னடா கண்ணு, எனக்கும் காட்டு" என்று கேட்கட்டும். அன்றே பாதி வழக்குத் தீரும்.

இம்மாதத் தீர்மானம்: வரும் ஞாயிறன்று திருப்பலி முடிந்ததும், ஒவ்வொரு குடும்பமும் குறைந்தது அரை மணி நேரம் ஒன்றாக விளையாடுவோம். பூப்பந்தோ, சடுகுடுவோ, பல்லாங்குழியோ, எதுவாயினும் ஆகட்டும். எதிரே நிற்பவர் ஒரு மனிதராக இருக்க வேண்டும் என்பது ஒன்றே விதி. ஆட்டம் முடிந்தபின் தோற்றவர் வென்றவரின் கையைப் பற்றி வாழ்த்தட்டும். வென்றவர் தோற்றவருக்குத் தண்ணீர் மொண்டு கொடுக்கட்டும். அடைக்கல அன்னையின் பரிந்துரையால் நம் இல்லங்கள் தழைப்பனவாக!